மூக்கால் தொட்ட பாடம்

மஞ்சூர்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே கனடாவில் நீயும் மாப்பிள்ளை கீர்த்திவாசனும் என் பேத்தி மனிஷாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்த மலைமேல் முருகன் துணை. உங்கள் ஊர்க் குளிருக்கு முன்னால் எங்கள் ஊர்க் குளிர் எம்மாத்திரம் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள் அம்மிணி, உங்களுக்கு வீட்டுக்குள் சூடு போட்டு வைத்திருக்கிறார்கள், எங்களுக்குக் கம்பளியும் உன் அம்மாவின் கோபமும்தான் சூடு. போனில் பேசாமல் ஏன் அப்பா பேனா பிடிக்கிறார் என்று யோசிப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், இந்த விஷயத்தை அவள் வெட்கப்பட்டுக்கொண்டு தன் வாயால் சொல்லவும் மாட்டாள், என்னைச் சொல்ல விடவும் மாட்டாள். மார்கழியில் ஒருநாள் நீ கூப்பிட்டபோது உன் முகத்தைப் பார்த்ததுமே அம்மா போனை அணைத்துவிட்டாள் என்று நீ அழுதாயாம், மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குக் காரணம் ஒரு பெரிய கதை. நீ நினைத்த மாதிரி கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முழுதாகச் சொல்கிறேன், வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் சேதி. பின்பக்கம் போட்டிருந்த பீன்ஸ் பாத்தியைக் காட்டெருமை வந்து மிதித்து நாசம் செய்துவிட்டது, நான் கட்டிய வேலியெல்லாம் அதற்கு நூல் மாதிரி. என் முட்டி வலி போன வருடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மேலே ஏறவும் இல்லை கீழே இறங்கவும் இல்லை. பவர் ஹவுஸிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்கிறேன் என்று நீ நினைக்காதே, எனக்கு இப்போது ஒரு புது உத்தியோகம். தினமும் சாயங்காலம் நம் வீட்டு ஹாலில் உன் அம்மாவின் பள்ளிக்கூடத்து டேப்புகளுக்கெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் துடைத்துப் பையில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

டேப் என்றதும் நீ விழிப்பாய், அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தேயிலை எஸ்டேட்டுக்குக் கீழே ஓடையோரப் பள்ளத்தில் இருக்கும் உன் அம்மாவின் தொடக்கப்பள்ளிதான் உனக்குத் தெரியுமே. இப்போதும் அங்கே இரண்டே வாத்தியார்கள், தலைமையாசிரியை உன் அம்மா, அவளுக்குக் கீழே பிராங்ளின் என்று ஒரு இளைஞன், தங்கமான பையன், என்ன, எதற்கெடுத்தாலும் பயப்படுவான். பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் கொழுந்து பறிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கோயம்புத்தூரில் ஏதோ ஒரு அறக்கட்டளைக்காரர்கள் மலையில் இருக்கும் சின்னப் பள்ளிகளுக்குச் சிலேட்டு மாதிரி விரலால் தொட்டுப் படிக்கிற டேப் கொடுத்து, அதில் கணக்கும் தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுங்கள், பிள்ளைகள் போடும் மார்க் நெட் வழியாகத் தானாக எங்களுக்கு வந்து சேரும், பொங்கல் கழித்து நேரில் வந்து பார்ப்போம், நன்றாக நடக்கிற பள்ளிக்கு டேப் சொந்தம், நடக்காத பள்ளியிலிருந்து எடுத்து டவுனில் பெரிய பள்ளிக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பள்ளியிலேயே பூட்டி வைக்கலாம் என்றால் போன வருடம் சத்துணவு எண்ணெய்க்காகக் கரடி வந்து கதவைப் பெயர்த்துவிட்டுப் போனதே, அந்தக் கதவு இன்னும் ஒரு கீலில்தான் தொங்குகிறது. அதனால்தான் டேப்புகள் அவ்வளவும் நம் வீட்டு விருந்தாளிகள் ஆயின.

அவை வந்து சேர்ந்தது சரஸ்வதி பூஜைக்கு முன்தினம். உன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, மறுநாள் ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, பொரிகடலைக்குப் பக்கத்தில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டாள். பிராங்ளின் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், அவனே கையைக் கட்டிக்கொண்டு நின்றானாம். அன்றைக்கே பிள்ளைகளுக்கு ஒரு சட்டமும் போட்டாள். இது படிப்பு, படிப்பை அழுக்குக் கையால் தொடக்கூடாது, காலைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முதல் வேலை இதுதான், எல்லாரும் வந்ததும் குழாயில் நன்றாகக் கை கழுவிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும் என்று. மத்தியானத்தில் மேகம் இறங்கிவிட்டால் அந்தப் பள்ளத்தில் நெட் கிடைக்காது, அதனால் காலையில்தான் வைத்தாக வேண்டும் என்பதும் ஒரு காரணம். பிள்ளைகளும் கோயிலுக்குள் போகிற மாதிரி கையைக் கழுவி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காரும். ஐப்பசி முழுக்க ஒரே அமர்க்களம். கொழுந்து பறிக்கிற ஒருத்தியின் மகள் மகாலட்சுமி, மூன்றாம் வகுப்பு, கூட்டலென்றால் ஓட்டம் பிடித்த பிள்ளை, டேப்பில் சரியாகப் போட்டதும் அது கைதட்டுகிற சத்தத்துக்கு ஆசைப்பட்டே கழித்தல் வரைக்கும் போய்விட்டாள். உன் அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளை மாதிரியே கைதட்டிக் காட்டுவாள். கம்ப்யூட்டரைக் கண்டாலே காத தூரம் ஓடியவள் அம்மிணி உன் அம்மா, நீ காலேஜ் படிக்கும்போது உன் லேப்டாப் மேல் துணி போட்டு மூடி வைத்தவள், அவள் என்னிடம் வந்து செட்டிங்ஸ் என்றும் அப்டேட் என்றும் பேசினால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

கார்த்திகை பாதியில் உறைபனி விழ ஆரம்பித்தது, விழுந்ததோ இல்லையோ, மார்க்கும் கூடவே விழுந்தது. நன்றாகப் போட்ட பிள்ளைகள் எல்லாம் தப்பாகப் போட ஆரம்பித்தன. ஒன்றுமே தொடாமல் விட்டது பாதி, தொட்டதெல்லாம் தப்பு மீதி. கோயம்புத்தூர்க்காரர்கள் அனுப்புகிற படத்தில் மற்றப் பள்ளிகள் பெரும்பாலும் பச்சையாக இருக்கும், நம்முடையதோ மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து கிடக்கும். பிராங்ளின் ஒவ்வொரு டேப்பாக எடுத்துச் சோதித்துப் பார்த்தான், அவன் விரலுக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. வாத்தியார் தொட்டால் வேலை செய்கிறது, பிள்ளை தொட்டால் தப்பாகிறது என்றால் யார் மேல் பழி விழும்? பிள்ளைகள் என்னவோ சொல்லத்தான் செய்தன. "வெரலு செத்துப் போச்சுங்க டீச்சர், தொட்டா அது கேக்க மாட்டேங்குது" என்று மகாலட்சுமி சொன்னாளாம், படிக்காமல் வந்துவிட்டுச் சாக்கு சொல்கிறாள் என்று இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு மேல் இன்னொரு கூத்து. பிள்ளைகள் டேப்பின் மேல் குனிந்து மூக்கால் தொட ஆரம்பித்துவிட்டன. பனிக்காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளின் மூக்கைப் பற்றி உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உன் மூக்கைத் துடைத்தே என் தோள் துண்டுகள் கிழிந்தன. சந்தனப் பொட்டு வைத்த பொருளில் சளி என்றால் உன் அம்மா சும்மா இருப்பாளா, மூக்கால் தொட்ட பிள்ளைகளையெல்லாம் எழுந்து நிற்க வைத்து, விளையாட்டாப் போச்சா உங்களுக்கு என்று கத்தித் தீர்த்துவிட்டாள். அதுவும் பத்தாதென்று கை கழுவுகிற சட்டத்தை இன்னும் இறுக்கினாள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழுவச் சொன்னாள். அந்த டேப்பையெல்லாம் நான்தான் வீட்டில் துடைத்தேன், வட்ட வட்டமாக மூக்குத் தடம், எனக்குச் சிரிப்பு வரும், அவளுக்கு அழுகை வரும்.

ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று கேட்டதற்கு, "ஏனுங்க, ஒருவேளை நம்ம புள்ளைங்களுக்கு வரவே வராதோ, நாந்தான் வரும் வரும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிட்டு இருக்கறேனோ" என்றாள். இத்தனை வருட வேலையில் அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை. எந்தப் பிள்ளையைப் பற்றி யார் மந்தம் என்று சொன்னாலும் சண்டைக்குப் போகிறவள் அவள், இப்போது அவளே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு போனால் நானும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துகொள்கிறேன், மந்தப் பள்ளிக்கூடம் என்ற பேரை வாங்கிக்கொடுத்துவிட்டு அந்தத் தாய்மார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் சொன்னாள். நானும் பொங்கலுக்கு இன்னும் நாளிருக்கிறது பார்க்கலாம் என்று ஏதோ உளறினேன். அவள் அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

இப்போது வருகிறது உன் போன். மார்கழி கடைசி, விடிந்தும் விடியாத நேரம், உனக்கு ஆபீஸ் முடிந்து வரும் சாயங்காலமாக இருந்திருக்கும். பின்வாசல் தொட்டியில் மேலே கண்ணாடி மாதிரி ஆடை கட்டியிருந்தது, அதை உடைத்துத் தண்ணீர் மொண்டு உன் அம்மா பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்ய உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது, உன் போட்டோ வந்தது, புள்ள கூப்பிடுது புள்ள கூப்பிடுது என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்தும் துடைக்காமலும் ஓடி வந்தாள். விரலை வைத்துத் தள்ளுகிறாள் தள்ளுகிறாள், போன் எடுக்கவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாள், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது. நீ வைத்துவிடப் போகிறாயே என்ற பதற்றத்தில் சட்டென்று குனிந்து மூக்கு நுனியால் ஒரு இழுப்பு இழுத்தாள் பார், உன் முகம் வந்துவிட்டது. நீ "அம்மா" என்றது எனக்கே கேட்டது. அவள் உன்னைப் பார்க்கவில்லை அம்மிணி, தன் விரலைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். அடுத்த நொடி போனை அணைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினாள். நீ கண்டது அவ்வளவுதான், அதற்குப் பிறகு நடந்ததை நான்தான் கண்டேன். சார்ஜில் கிடந்த டேப்புகளைப் பிடுங்கிப் பாயில் பரப்பினாள், தொட்டியில் கையை முக்கி முக்கி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள், ஒன்றும் அசையவில்லை. அசைந்த ஒன்றிரண்டும் அவள் தொட்ட இடத்தை விட்டுவிட்டு வேறெதையோ எடுத்துக்கொண்டன, அதுவும் அடுத்த கேள்வி வந்த பிறகு. உடனே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டிக்குள் முக்கினாள், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது, என் விரலையும் கேட்கவில்லை. மூக்கால் தொடுங்கள் என்றாள், நுரையைத் துடைத்துக்கொள்கிறேன் என்றால் விடவில்லை, தலையைப் பிடித்து அமுக்கியே விட்டாள். டேப் உடனே கைதட்டியது. "ஐயோ, எம் புள்ளைங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குதுங்க, வெரலைத்தான் இது கேக்கல, நானும் கேக்கல" என்று சொல்லிப் பாயிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான். குளிர்ந்துபோன ஈர விரலைக் கண்ணாடித் திரை கண்டுகொள்வதில்லை, இவ்வளவுதான் விஷயம். பிராங்ளின் தொட்டபோது ஏன் வேலை செய்தது என்று நீ கேட்பாய், அவன் கை கழுவாமல், சட்டைப் பைக்குள் விட்டிருந்த கையை எடுத்துத் தொட்டிருக்கிறான். சுத்தம் சோறு போடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவளுக்கு அந்தச் சுத்தமே மார்க்கைச் சாப்பிட்டுவிட்டது.

அன்றைக்குப் பள்ளிக்குப் போனதும் பிள்ளைகளையெல்லாம் நிற்க வைத்து, நீங்க சொன்னது நெசம், டீச்சர்தான் தப்பு, உங்களுக்கு எல்லாம் வருது என்று சொன்னாளாம். உடனே ஒரு பொடியன் அப்ப மூக்குல தொடலாங்களா டீச்சர் என்று கேட்டிருக்கிறான், வகுப்பே ஓவென்று சிரித்ததாம். அப்புறம் சட்டம் மாறியது. காலைச் சாப்பாடு பள்ளியிலேயே போடுகிறார்கள் அல்லவா, டேப்பை அதற்கு அடுத்து வைத்தாள். சமைக்கிற அன்னக்கிளியிடம் சொல்லி அடுப்பில் ஒரு அண்டா வெந்நீர், அதில் கை கழுவி, துண்டில் ஈரம் போகத் துடைத்து, சுடச்சுட சுக்குக் காப்பி டம்ளரை உள்ளங்கை இரண்டாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நாலு வாய்ப்பாடு சொல்ல வேண்டும், பிறகுதான் டேப். சுக்கும் கருப்பட்டியும் நம் வீட்டிலிருந்துதான் போகிறது, கரடிக்குத் தெரியாமல் நான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். முதல் நாளே மார்க் எழுந்து நின்றது. ஆனாலும் அவளுக்குப் பயம், இத்தனை நாள் சிவப்பாகப் போன கணக்கு கோயம்புத்தூரில் இருக்கிறதே, இந்தச் சில நாள் பச்சையை யார் நம்புவார்கள், நான் போய்க் குளிர் குளிர் என்றால் சாக்கு என்றுதானே சொல்வார்கள், நானே அப்படித்தானே சொன்னேன் என்று புலம்பினாள். இரண்டு வாரம் உன்னிடம் பாதிப் பேச்சு பேசினாள் என்றாயே, வாய்ப்பாடும் டேப்பும்தான் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரமே வந்துவிட்டார்கள், அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர், கூடவே வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா. அன்றைக்கு என்று பார்த்து அந்தப் பள்ளம் முழுக்க வெள்ளை, புல்லெல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி. டேப் பையைத் தூக்கிக்கொண்டு போன சாக்கில் நானும் வகுப்பின் பின்னால் நின்றுகொண்டேன், உன் அம்மா என்னை முறைத்தாள், நான் கவனிக்காத மாதிரி சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தேன். அந்த அலுவலர் அம்மா ஈரோட்டுப் பக்கம், புதிதாக வந்தவர், கொண்டை ஊசி வளைவு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல, ஜீப்பிலிருந்து இறங்கியதுமே குழாயடிக்குப் போய் முகம் கழுவி, கை கழுவிக்கொண்டு வந்தார். வெந்நீர் எடுத்துக்கொண்டு ஓடிய அன்னக்கிளி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே வந்தவர், பிள்ளைகள் செய்வதற்கு முன்னால் நானே ஒன்று செய்து பார்க்கிறேன், சும்மா கூட்டல் கணக்குதானே என்று மகாலட்சுமியின் டேப்பை வாங்கித் தொட்டார். அசையவில்லை. மறுபடியும் தொட்டார். நேரம் முடிந்து தப்பு என்று சிவப்புக் கோடு போட்டுவிட்டது. ஏங்க டீச்சர், இதையா பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், வேலையே செய்யவில்லையே என்று அவர் குரலை உயர்த்தினார். பிராங்ளின் பின்னால் நகர்ந்து கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டான், உன் அம்மா அன்னக்கிளியின் வெந்நீரைத் தேடி வாசலைப் பார்த்தாள். அப்போது அந்த மகாலட்சுமி எழுந்து நின்று, பயமே இல்லாமல், "மேடம், வெரலு சில்லுனு இருந்தா அது கேக்காதுங்க மேடம், மூக்குல தொடுங்க, மூக்கு எப்பவும் கேக்கும்" என்றாள். அந்த அம்மா மகாலட்சுமியைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவ்வளவு பெரிய அதிகாரி, குனிந்து மூக்கால் தொட்டார். டேப் பட படவென்று கைதட்டியது. பிள்ளைகளும் சேர்ந்து கைதட்டின. அந்த அம்மாவே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு உன் அம்மாவை யாரும் நிறுத்த முடியவில்லை. மார்க் எந்த வாரம் விழுந்தது, பனி எந்த வாரம் விழுந்தது, ஏன் விழுந்தது என்று மூச்சு விடாமல் சொன்னாள், நீ சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் விசாரிப்பாளே, அந்தக் குரலில். பிள்ளைகள் டம்ளரைப் பொத்திக்கொண்டு வாய்ப்பாடு சொல்லின, அலுவலர் அம்மாவும் ஒரு டம்ளரை வாங்கிப் பொத்திக்கொண்டார். பிறகு எல்லாரும் டேப்பைத் தொட்டார்கள், வரிசையாகக் கைதட்டுகிற சத்தம், ஒன்று முடிவதற்குள் இன்னொன்று, தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. மகாலட்சுமி ஒன்றுகூடத் தப்பாகப் போடவில்லை. கோயம்புத்தூர்க்காரர்களில் ஒருவர், பனிக்கால மார்க்கை நாங்கள் கணக்கில் எடுக்கப் போவதில்லை, டேப் உங்கள் பள்ளிக்கே சொந்தம், தப்பு பிள்ளைகள் மேல் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேலையை எழுதிக் கொடுக்கிற பேச்சு அந்தப் பார்வையிலேயே செத்துப்போனது. எனக்கு அங்கேயே ஒரு சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன், பிள்ளைகள் முன்னால் மரியாதை போய்விடுமே.

இதோடு முடிந்தது என்று நினைத்தாயா, இல்லை. போன வாரம் ஊட்டியில் டேப் வாங்கிய பள்ளிகளின் ஆசிரியர்களையெல்லாம் கூட்டி, உன் அம்மாவைப் பேசச் சொல்லிவிட்டார்கள். மேடை என்றாலே மயங்கி விழுகிறவள், நான் கூடப் போனேன், பேச்சை எழுதி வைத்துக்கொள் என்றால் கேட்கவில்லை. மேடையில் ஏறிப் பேச்சே பேசாமல், ஒரு பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, எல்லாரும் வந்து கையை முக்கிட்டு உங்க போன்ல வீட்டுக்கு ஒரு போன் போடுங்க பாக்கலாம் என்றாள். பெரிய பெரிய ஹெட்மாஸ்டர்கள் எல்லாம் சால்வையோடு வந்து கையை முக்கினார்கள். விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் குனிந்தார், அப்புறம் இன்னொருவர், அப்புறம் ஹால் முழுக்க வாத்தியார்கள் மூக்கால் போனைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். சோலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தனசிங் என்கிற வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, எங்கள் பள்ளியும் மார்கழியில் சிவப்புக்குப் போய்விட்டது, நான் பிள்ளைகளை ரொம்பத் திட்டிவிட்டேன், நாளைக்கே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். உன் அம்மா மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போய், சொன்னா அதுங்க சிரிக்குமுங்க, கோவிச்சுக்காது, எனக்குத் தெரியும் என்றாள். இனிமேல் பனிக்காலத்தில் மலையிலுள்ள எல்லாப் பள்ளிகளிலும் டேப் வகுப்பு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவ வெந்நீர் என்று உத்தரவே போட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி தூங்கிவிட்டாள். அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது, இறங்கும் வரை நான் அசையவே இல்லை.

ஆகையால் அம்மிணி, அன்றைக்கு உன் போனை அவள் அணைத்தது உன்மேல் பாசம் குறைந்து இல்லை, உன் ஒரு போன் ஒரு பள்ளிக்கூடத்தையே காப்பாற்றிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்படு. கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு கூப்பிட்டு, என்னம்மா ஊட்டியில் பேசினாயாமே என்று கேள், நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, மாப்பிள்ளை பேப்பரில் படித்ததாகச் சொல். மனிஷாவுக்கு டேப்பைக் காட்டிச் சோறு ஊட்டாதே, படிக்கத்தான் அது, தின்பதற்கு இல்லை, இதை நான் சொல்லவில்லை, உன் அம்மா சாந்தாமணி டீச்சர் சொல்கிறாள். பனியில் வெளியே போனால் உல்லன் கையுறை இல்லாமல் போகாதே, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மாப்பிள்ளை காலை டிபன் சாப்பிடாமல் வேலைக்குப் போவதை நிறுத்தச் சொல். பார்சலில் டீத்தூளும் வர்க்கியும் மனிஷாவுக்கு ஸ்வெட்டரும் வைத்திருக்கிறேன், வர்க்கி நொறுங்கியிருந்தால் டீயில் போட்டுக் குடியுங்கள்.

கடைசியாக ஒன்று. இத்தனை காலம் மஞ்சூர் பஜாரில் உன் அம்மாவைப் பவர் ஹவுஸ் வேலுமணி சம்சாரம் என்றுதான் சொல்வார்கள், நானும் அதில் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொண்டுதான் திரிந்தேன். நேற்று ராஜரத்தினம் கடையில் பருப்பு வாங்கும்போது வெளியூர்க்காரர் ஒருவர் இவர் யார் என்று கேட்டார். ராஜரத்தினம் தராசைக்கூட நிறுத்தாமல், "இவரா, நம்ம சாந்தாமணி டீச்சர் ஊட்டுக்காரருங்க" என்றான். பருப்பை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வர மனமில்லாமல், ஒரு வேலையும் இல்லாமல் பஜாரை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன், இன்னும் யாராவது கேட்க மாட்டார்களா என்று. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சாந்தாமணி டீச்சர் ஊட்டுக்காரன்
வேலுமணி.